சேப்பல் என்றால் சின்னக் கோயிலா?

2025 மே மாதம் புதிய போப்பைத் தேர்ந்தெடுக்க வத்திக்கானில் கர்தினால்கள் கூடியபோது எங்கள் வீட்டு டிவி இரண்டு நாளாக அணையவே இல்லை. தேர்வு முடிந்ததும் வெள்ளைப் புகை வரும் அந்தப் புகைக்கூண்டை விட்டுக் கண்ணை எடுக்க அம்மாவுக்கு மனமில்லை. செய்தி வாசிப்பவர் "சிஸ்டைன் சிற்றாலயம்" என்று திரும்பத் திரும்பச் சொல்ல, 133 கர்தினால்கள் வரிசை வரிசையாக உட்கார்ந்திருக்கும் காட்சி ஓடியது. அம்மா பட்டென்று கேட்டார்: "இதுவா சிற்றாலயம்? நம்ம ஊர்க் கோயிலையே தூக்கி உள்ள வச்சிரலாம் போல இருக்கே."

நியாயமான கேள்வி. சிஸ்டைன் சேப்பல் ஏறத்தாழ 40 மீட்டர் நீளம், 13 மீட்டர் அகலம், 20 மீட்டர் உயரம். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜின் கிங்ஸ் கல்லூரிச் சேப்பலோ 88 மீட்டர் நீளம். கிட்டத்தட்ட ஒரு கால்பந்து மைதானம். அகராதியைப் புரட்டினால் சேப்பல் என்பதற்குச் 'சிற்றாலயம்' என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். தப்பு என்று சொல்ல முடியாது. நாம் பார்க்கும் சேப்பல்கள் பெரும்பாலும் சின்னவைதான். ஆஸ்பத்திரி வராந்தாவின் கடைசியில், பத்து நாற்காலியும் ஒரு மெழுகுவர்த்தித் தட்டும் உள்ள அறை. விடுதியில் சிஸ்டர்கள் ஜெபிக்கும் இடம். கல்லறைத் தோட்டத்து ஓரத்து மண்டபம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் இருப்பது அளவு இல்லை. அதற்குள் இருப்பது ஒரு துணி.

துணியின் கதை கிட்டத்தட்ட 1,700 ஆண்டுப் பழசு. மார்ட்டின் என்ற இளைஞன் ரோமானியக் குதிரைப்படையில் இருந்தான். பிறந்தது இன்றைய ஹங்கேரியில் சோம்பத்ஹெய் என்று அழைக்கப்படும் ஊரில். அப்பா படை அதிகாரி. படைவீரர் மகன் படையில் சேர வேண்டும் என்பது அன்றைய சட்டம், ஆகவே விருப்பம் இல்லாமலே சேர்ந்தவன். இன்றைய பிரான்சின் வடக்கே அமியேன் நகரத்தில் பணி. வழக்கத்தைவிடக் கடுமையான குளிர்காலம், குளிரில் ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். நகர வாசலில் ஒரு பிச்சைக்காரன் உடம்பில் துணியில்லாமல் நிற்கிறான். போகிறவர் வருகிறவர் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மார்ட்டினிடம் இருந்ததை எல்லாம் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மிச்சம் இருந்தது மேலே போர்த்திய போர்வை ஒன்றுதான். வாளை உருவி அதை இரண்டாக வெட்டினான். பாதியைக் கொடுத்துவிட்டு, மீதிப் பாதியைத் தான் சுற்றிக்கொண்டான்.

இதை எழுதிவைத்தவர் சுல்பீசியஸ் செவெரஸ். மார்ட்டினை நேரில் அறிந்தவர். அவர் உயிரோடு இருக்கும்போதே வாழ்க்கை வரலாறு எழுதியவர். அதில் எனக்குப் பிடித்த இடம் அற்புதம் நடக்கும் இடமல்ல, அதற்கு முந்தைய இரண்டு வரி. கிழிந்த அரைத் துணியோடு அலங்கோலமாக நின்ற மார்ட்டினைப் பார்த்துச் சிலர் சிரித்தார்களாம். வேறு சிலருக்கு மட்டும் உறுத்தியது: நம்மிடம் இதைவிட அதிகம் இருந்ததே, நாம் கொடுத்திருந்தால் நம் உடம்பில் துணி குறைந்திருக்காதே என்று. அன்றிரவு கனவில் இயேசு அந்த அரைத் துணியை உடுத்திக்கொண்டு வந்தார். சுற்றி நின்ற தேவதூதர்களிடம், ஞானஸ்நானம்கூட இன்னும் வாங்காத மார்ட்டின் எனக்கு இதை உடுத்தினான் என்று சொன்னார். கதை இப்படிப் போகிறது.

ஏன் முழுசாகக் கொடுக்கவில்லை என்று கேட்பவர்களுக்கு, பாதி அவனுடையது, மறுபாதி ராணுவத்துச் சொத்து என்று பிரசங்கங்களில் ஒரு பதில் சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. சுல்பீசியஸ் அப்படி எதுவும் எழுதவில்லை.

பிறகு மார்ட்டின் படையை விட்டார், துறவியானார், 371 வாக்கில் தூர் நகரத்தின் ஆயர், அதாவது பிஷப், ஆனார். 397 நவம்பரில் காந்த் என்ற ஊரில் இறந்தார். உடலுக்கு உரிமை கொண்டாடி இரண்டு ஊர்க்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். பொய்த்தியே ஊர்க்காரர்கள் நடுராத்திரியில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து, தூர்க்காரர்கள் உடலை ஜன்னல் வழியாக இறக்கிப் படகில் ஏற்றி ஆற்றோடு கொண்டுபோய்விட்டதாக இரண்டு நூற்றாண்டு கழித்து அதே தூரில் ஆயராக இருந்த கிரகரி எழுதுகிறார். தன் ஊர்க்காரர்களின் திருட்டைப் பெருமையாகவே எழுதுகிறார். புனிதரின் உடல் இருக்கும் ஊருக்கு யாத்திரிகர் வருவார்கள், காணிக்கை வரும், பாதுகாப்பும் வரும், அப்படிப்பட்ட காலம்.

உடல் தூருக்குப் போனது. துணி அரண்மனைக்குப் போனது. நம் சொல் பிறப்பது இங்கேதான்.

சுல்பீசியஸ் அந்தத் துணியைக் 'கிளாமிஸ்' என்கிறார். படைவீரர்களின் போர்வைக்கு உரிய சொல் அது. ஆனால் பிற்கால லத்தீனில் மேலங்கிக்கு, குறிப்பாகத் தலையை மூடும் முக்காடு வைத்த அங்கிக்கு, 'கப்பா' என்ற சொல் பரவியது. சின்னக் கப்பா 'கப்பெல்லா'. நாம் பெட்டகம், பெட்டி என்று சொல்வதுபோல ஒரு குறுக்கம். மார்ட்டினிடம் மிஞ்சியது அரைத் துணிதானே, ஆகவே அது 'கப்பெல்லா' ஆனது என்பது வழக்கமான விளக்கம். பிரான்சை ஆண்ட பிராங்கிய அரசர்கள் அந்தத் துணியைத் தங்கள் கருவூலத்தில் வைத்திருந்தார்கள். 679ஆம் ஆண்டு ஆவணம் ஒன்றிலேயே அது பதிவாகியிருக்கிறது. அரசனின் ஜெப அறையில் அதன் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். நம் ஊரில் கோயில் வாசலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதுபோல வைத்துக்கொள்ளுங்கள். பொய் சொன்னால் மார்ட்டின் சும்மா விடமாட்டார். போருக்குப் போனால் துணியும் கூடப் போகும்.

விலைமதிப்பில்லாத ஒரு பொருள் கூடாரம் கூடாரமாகப் பயணம் போகிறது என்றால் காவலுக்கு ஆள் வேண்டுமே. அதற்கென்று குருக்கள் நியமிக்கப்பட்டார்கள். கப்பெல்லாவைக் காப்பவர்கள் 'கப்பெல்லானி'. இன்று படையிலும் ஆஸ்பத்திரியிலும் இருக்கும் குருவுக்குச் சொல்லும் 'சாப்ளின்' அவர்கள்தான். 9ஆம் நூற்றாண்டில் வாலாபிரிட் ஸ்திராபோ என்ற துறவி இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டார்: வெற்றிக்காக அரசர்கள் போருக்கு எடுத்துச் சென்ற மார்ட்டினின் கப்பாவிலிருந்துதான் இவர்களுக்கு அந்தப் பெயர் வந்தது என்று. அதனால் முதலில் வந்தது துணி, அடுத்து வந்தது காவலர், கடைசியாக வந்ததுதான் கட்டடம். துணி இருந்த அறைக்குத் துணியின் பெயரே ஒட்டிக்கொண்டது. அப்புறம், துணி இல்லாத அறைகளுக்கும்.

அந்தக் குருக்கள் வெறும் காவலர்களாக நின்றுவிடவில்லை. அரண்மனையில் எழுதப் படிக்கத் தெரிந்த கூட்டம் அதுதான். அரசனின் ஓலைகளையும் ஆணைகளையும் எழுதியவர்கள் அவர்களே. கப்பெல்லா என்றால் திருப்பண்டமும் (புனிதர் விட்டுச்சென்ற பொருள்), அதைக் காக்கும் குருக்களும், அவர்கள் இருக்கும் இடமும், எல்லாம் சேர்ந்த ஒரு அரண்மனைத் துறை. பிராங்கியப் பேரரசர் சார்லமேன் ஜெர்மனியின் ஆகனில் எண்கோண வடிவில் கட்டிய அரண்மனைச் சேப்பல் அவ்வளவு பேர்பெற்றதால் அந்த ஊருக்கே பிரெஞ்சில் 'எக்ஸ் லா ஷப்பேல்' என்று பெயர். 936 முதல் 1531 வரை ஜெர்மானிய அரசர்கள் அங்கேதான் முடிசூடினார்கள்.

இங்கே ஒரு ஒலி விஷயம். லத்தீனின் 'கப்பெல்லா' எப்படி ஆங்கிலத்தில் 'சேப்பல்' ஆனது? பிரெஞ்சு வழியாக. லத்தீனில் 'க' என்று தொடங்கிய சொற்கள் பழைய பிரெஞ்சில் 'ச' ஆகிவிட்டன. அந்த நிலையில் 1066க்குப் பிறகு நார்மன்கள் வழியாக வந்த பிரெஞ்சிலிருந்து ஆங்கிலம் சொல்லை எடுத்துக்கொண்டது. பின்னால் பிரெஞ்சுக்காரர்கள் 'ஷ' என்று மெலித்துக்கொண்டார்கள்; ஆங்கிலேயர் பழைய 'ச'வையே பிடித்துக்கொண்டார்கள். நமக்கு இது புதிதல்ல. கன்னடத்தில் 'கிவி', தமிழில் 'செவி'. கன்னடத்தில் 'கெய்', தமிழில் 'செய்'. எந்த உயிரெழுத்துக்கு முன்னால் மாறும் என்ற நிபந்தனை வேறு. நாக்கு செய்யும் வேலை ஒன்றே. மாறாத மொழிகளும் உண்டு: இத்தாலியில் கப்பெல்லா, ஸ்பானியத்தில் கப்பியா, போர்த்துகீசில் கப்பெலா. கேரளத்தில் தெருமுனைகளில் கண்ணாடிக் கதவு போட்டு, மாதா சுரூபத்துக்கு முன் விளக்கு எரியும் கூண்டு போன்ற இடத்தைக் 'கப்பேள' என்பார்கள். போர்த்துகீசியர் கொண்டுவந்தது. லண்டனின் சேப்பலும் கொச்சியின் கப்பேளவும் ஒரே சொல், வந்த கப்பல்தான் வேறு.

தமிழும் அதே போர்த்துகீசியரிடம் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, பாதிரி, குருசு என்று வாங்கிக்கொண்டது. கப்பேளவுக்குப் பதிலாகத் தென்கடற்கரை ஊர்களில் 'குருசடி' என்று ஒரு சொல் இருக்கிறது. அந்நியக் குருசையும் நம் அடியையும் ஒட்டிய சொல். 'ஆலடி', 'புளியடி' மாதிரி. எனக்குச் 'சிற்றாலயம்' என்பதைவிட இது பிடிக்கும். சிற்றாலயம் அகராதிக்காகச் செய்த சொல். குருசடி நாலு பேர் வெயிலுக்கு ஒதுங்கி நின்று உண்டாக்கிய சொல்.

சரி, அளவு இல்லையென்றால் சேப்பலைச் சேப்பலாக்குவது எது? யாருக்குச் சொந்தம் என்பதுதான். ஒரு பங்குக் கோயில் அந்த எல்லைக்குள் வாழும் எல்லாருக்கும் உரியது. பேராலயம் ஆயரின் இருக்கை உள்ள இடம். சேப்பல் இந்த இரண்டும் இல்லை. அது ஒருவருக்கோ ஒரு நிறுவனத்துக்கோ உரிய வழிபாட்டிடம். அரசனுக்கு, கல்லூரிக்கு, சிறைச்சாலைக்கு, ஆஸ்பத்திரிக்கு, ஒரு பணக்காரக் குடும்பத்துக்கு. முதல் கப்பெல்லா அரசனின் தனிச் சொத்தாக இருந்தது அல்லவா, அந்தச் சாயல் இன்றும் போகவில்லை. சிஸ்டைன் சேப்பல் போப்பின் அரண்மனை வழிபாட்டிடம். போப் நான்காம் சிக்ஸ்துஸ் கட்டியதால் சிஸ்டைன். அதற்குப் பங்குமக்கள் கிடையாது. அது எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வீட்டுப் பூஜையறை மாதிரிதான், வீடு பெரிய வீடு, அவ்வளவே. (சொல்லப்போனால் பக்கத்தில் இருக்கும் புனித பேதுரு பெருங்கோயிலும் ரோம் ஆயரின் பேராலயம் இல்லை. அது ஊருக்குள் லாத்தரனில் இருக்கும் புனித யோவான் கோயில்.)

பாரிசின் 'சேன்ட் ஷப்பேல்' இன்னும் நல்ல உதாரணம். ஒன்பதாம் லூயி அரசர், இயேசுவின் தலையில் வைத்தது என்று நம்பப்பட்ட முள்முடியைக் கான்ஸ்தாந்திநோபிளின் பேரரசரிடமிருந்து பெற்றார். ஆன செலவு அன்றைய பிரெஞ்சுப் பணத்தில் 1,35,000 லிவர். அதை வைக்க அரண்மனைக்குள் ஒரு சேப்பல் கட்டினார். 1248இல் அதைப் புனிதப்படுத்தும் அர்ச்சிப்பு நடந்தது. அந்தக் கட்டடத்துக்கு ஆனது 40,000 லிவர் என்கிறார்கள். சுவரே தெரியாமல் 15 மீட்டர் உயரத்துக்கு வண்ணக் கண்ணாடி. வீட்டை விட வீட்டில் வைக்கும் பொருளுக்கு மூன்று மடங்கு விலை! திருப்பண்டம்தான் முதல், கட்டடம் அதற்கு உறை என்ற பழைய கணக்கு அங்கே அப்படியே நிற்கிறது.

இங்கிலாந்தில் சொல் வேறு பாதையில் திரும்பியது. அங்கே பங்குக் கோயிலுக்குத்தான் எல்லா உரிமையும்: ஞானஸ்நானம், அடக்கம், வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் தசமபாகம். பங்கு எல்லை பெரிதாக இருந்து, தூரத்துக் கிராமத்தார் மழையிலும் பனியிலும் மைல் கணக்கில் நடக்க வேண்டியிருந்தால் அவர்கள் வசதிக்கு ஒரு துணைக் கோயில் கட்டிக்கொடுப்பார்கள். அதற்குப் பெயரே 'வசதிச் சேப்பல்'. ஜெபிக்கலாம், ஆனால் பெரும்பாலும் பிணத்தை மட்டும் தாய்க் கோயிலுக்குத்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும், கட்டணம் அங்கே போய்ச் சேர வேண்டுமே. இங்கேயே சேப்பல் என்பது உரிமை குறைந்த இடம் என்ற பொருள் ஒட்டிக்கொள்கிறது.

பிறகு 1662. அரசு ஏற்ற வழிபாட்டு முறைக்கு உடன்படாத போதகர்கள் ஏறத்தாழ 2,000 பேர் சபைகளை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். வீட்டாரைத் தவிர ஐந்து பேருக்கு மேல் கூடி ஜெபித்தால் குற்றம் என்று 1664இல் சட்டம் வந்தது. 1689இல்தான் இவர்கள் தனியே கூடி ஆராதிக்க அனுமதி. பாப்திஸ்துகள், காங்கிரிகேஷனலிஸ்டுகள், பின்னால் மெத்தடிஸ்டுகள் கட்டிக்கொண்ட கட்டடங்களை ஊர் 'சர்ச்' என்று சொல்லவில்லை. அந்தப் பெயர் அரசாங்கச் சபைக்கு. இவர்களுடையது சேப்பல். மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1778இல் லண்டனில் திறந்தது இன்றும் வெஸ்லி சேப்பல்தான். 1753ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்றவர்கள் அரசாங்கச் சபையின் கோயிலில்தான் கல்யாணம் செய்ய வேண்டும். தன் சேப்பலில் முழங்கால் படியிட்டு வளர்ந்த பெண், தன் கல்யாணத்துக்கு மட்டும் ஒவ்வாத கோயிலின் படி ஏற வேண்டும். 1836இல்தான் அது மாறியது. அரசன் பொக்கிஷ அறைக்கு உரிய சொல், அரசன் ஒதுக்கியவர்களின் கூடத்துக்கும் பெயராகிவிட்டது. ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு முனை.

இதன் உச்சம் வேல்ஸ். அங்கே 'நீங்க சர்ச்சா, சேப்பலா?' என்று கேட்டால் பாதி ஜாதகம் தெரிந்துவிடும். சர்ச் என்றால் நிலக்கிழார், ஆங்கிலம், அரசாங்கம். சேப்பல் என்றால் சுரங்கத் தொழிலாளி, வேல்ஸ் மொழி, மது விலக்கு, நான்கு குரலில் பாட்டு. 1881இல் வேல்சுக்கு மட்டுமாக ஞாயிறன்று மதுக்கடையை மூடச் சட்டம் வந்ததே சேப்பல்காரர்களின் பலத்தால்தான். 1920இல் அரசாங்கச் சபை அந்த அந்தஸ்தையே அங்கே இழந்தது. பெத்தெஸ்தா என்ற ஊர் அங்கிருந்த சேப்பலின் பெயரால் அமைந்தது. பெதஸ்தா, எபெநேசர், சீயோன் என்று அங்கே மலைக்கு மலை பலகை தொங்கும். திருநெல்வேலி, கன்னியாகுமரிப் பக்கத்து ஆட்களுக்கு அந்தப் பலகைகளைப் பார்த்தால் சொந்த ஊர் ஞாபகம் வரும்.

சொல்லின் மற்றொரு கிளை சாப்ளின். பங்குமக்கள் இல்லாத குரு, ஒரு நிறுவனத்தோடு ஒட்டிய குரு. படைக்கு, கப்பலுக்கு, சிறைக்கு, ஆஸ்பத்திரிக்கு. சென்னைக் கோட்டைக்கும் அப்படி ஆட்கள் வந்தார்கள். ஆங்கில அரசரின் 1698ஆம் ஆண்டுப் பட்டயம், கோட்டைகளில் குருக்கள் வைக்க வேண்டும், அவர்கள் வந்து ஒரு வருடத்துக்குள் போர்த்துகீசு கற்க வேண்டும், உள்ளூர் மொழியும் படிக்க வேண்டும், 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பல்களில் ஒரு சாப்ளின் இருக்க வேண்டும் என்றெல்லாம் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கட்டளையிட்டது. கம்பெனி வியாபாரி அல்லவா? நீண்ட காலத்துக்கு அதன் கப்பல்கள் பல ஏட்டில் 499 டன் என்றே பதிவாகின. ஒரு டன் குறைத்தால் ஒரு சாமியாருக்குச் சம்பளமும் சாப்பாடும் மிச்சம். தஞ்சாவூர்க்காரர்கள் மறக்காத சுவார்ட்ஸ் பாதிரியாரும் திருச்சியில் ஆங்கிலப் படைக்குச் சாப்ளினாக இருந்தவர்தான்.

சார்லி சாப்ளினின் குடும்பப் பெயரும் இதே சொல். முன்னோர் யாரோ சேப்பலில் குருவாகவோ குருவிடம் வேலையாளாகவோ இருந்திருக்க வேண்டும். அப்படித்தான் அந்தக் குடும்பப் பெயர் உண்டானது. அரைக் கோட்டும் தொளதொள கால்சட்டையுமாக வந்த அந்த நாடோடிக்கு, கிழிந்த துணியிலிருந்து பிறந்த பெயர். தற்செயல்தான், ஆனால் விட மனமில்லை. இன்று சாப்ளின் என்ற பதவி மதத்தையே தாண்டிவிட்டது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாப்ளின்கள் 2021இல் தங்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்தது ஒரு நாத்திகரை.

இசைக்காரர்கள் தனி. அரண்மனைச் சேப்பலில் பாடுவதற்கென்று குழு இருக்கும். மெல்ல அந்தக் குழுவுக்கே 'கப்பெல்லா' என்று பெயர் வந்தது. ஜெர்மனியில் 'கபெல்மைஸ்டர்' என்றால் அரண்மனை இசைக்குழுவின் தலைவர். இசையமைப்பாளர்கள் பாக், ஹைடன் இருவரும் பார்த்த வேலை அது. வாத்தியம் இல்லாமல் வாயாலேயே பாடுவதை 'அ கப்பெல்லா' என்கிறோம். 'சேப்பல் பாணியில்' என்று பொருள். சிஸ்டைன் சேப்பலில் பாடகர்கள் வாத்தியமே இல்லாமல் பாடுவது வழக்கம்.

எல்லாவற்றையும் விட எனக்கு நெருக்கமானது அச்சுக்கூடச் சேப்பல். பத்திரிகையில் புரூஃப் பார்த்துக் கண் கெட்டவன் என்பதால் இருக்கலாம். ஆங்கிலேய அச்சுத் தொழிலாளர்கள் தங்கள் அச்சுக்கூடத்தின் சங்கக் கிளையைச் சேப்பல் என்பார்கள். அதன் தலைவர் 'சேப்பலின் தந்தை'. அச்சுக்கூடம் ஒவ்வொன்றும் காலங்காலமாக அப்படித்தான் அழைக்கப்படுகிறது என்று 1683இலேயே ஜோசப் மாக்சன் என்ற அச்சாளர் எழுதிவிட்டார். காரணம் என்ன? இங்கிலாந்தின் முதல் அச்சகத்தை 1476இல் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்து வளாகத்தில் வைத்தார், அதிலிருந்து வந்தது என்று ஒரு கதை உண்டு. கொஞ்சம் வசதியாக அமைந்த கதையாகவே எனக்குப் படுகிறது. எது எப்படியோ, அங்கே சட்டம் கடுமை. பெஞ்சமின் பிராங்க்ளின் இளைஞனாக லண்டனில் வேலை பார்த்தபோது, அச்சடிக்கும் பகுதியிலிருந்து எழுத்துக் கோக்கும் பகுதிக்கு மாறினார். புது ஆள் ஐந்து ஷில்லிங் கட்ட வேண்டும் என்றார்கள் கம்பாசிட்டர்கள். ஏற்கெனவே கீழே கட்டியாயிற்றே என்று மறுத்தார். அவ்வளவுதான். அறையை விட்டு ஐந்து நிமிடம் நகர்ந்தால் போதும், அவர் எழுத்துகள் கலந்துகிடக்கும், பக்கங்கள் இடம் மாறியிருக்கும், கோத்து வைத்தது சிதறியிருக்கும். கேட்டால், "சேப்பல் பேய் செய்திருக்கும். முறைப்படிச் சேராதவர்களை அது விடாது" என்பார்களாம். இரண்டு மூன்று வாரம் தாக்குப்பிடித்துவிட்டு ஐந்து ஷில்லிங்கைக் கட்டினார் பிராங்க்ளின். பிரிட்டிஷ் பத்திரிகையாளர் சங்கத்தில் இன்றும் பணியிடக் கிளைக்குச் சேப்பல் என்றே பெயர். பெண் தலைவர் 'சேப்பலின் தாய்'.

கப்பா குடும்பத்தில் இன்னும் உறவினர் நிறைய. முக்காட்டுக்கு இத்தாலியில் 'கப்புச்சோ'. அதைப் போட்ட துறவிகள் கப்புச்சின் சபையார். அவர்கள் அங்கியின் பழுப்பு நிறத்தில் இருந்ததால் காப்பிக்குக் கப்புச்சினோ. இந்தச் சபையார் சென்னைக் கோட்டைக்கு 1642இலேயே வந்துவிட்டார்கள், கப்புச்சினோதான் தாமதம். ஜப்பானியர் மழைக்கோட்டைக் 'கப்பா' என்பதும் போர்த்துகீசியரிடம் வாங்கியதே.

ஆனால் நம் ஆட்கள் தினமும் வாயில் போட்டு மெல்லும் உறவினர் ஒருவர் இருக்கிறார்: எஸ்கேப். "ஆளு எஸ்கேப்", சுருக்கமாக "எஸ்ஸாயிட்டான்". லத்தீனில் 'எக்ஸ்' என்றால் வெளியே, 'கப்பா' நம் மேலங்கி. துரத்துகிறவன் அங்கியைப் பிடித்து இழுக்கிறான். அங்கியை அவன் கையிலேயே விட்டுவிட்டு ஆள் உருவிக்கொண்டு ஓடிவிட்டான். பைபிளில் போத்திபார் மனைவியிடம் மேலாடையை விட்டுவிட்டு ஓடிய யோசேப்பு செய்தது அச்சு அசலாக இதுதான். ஆங்கிலேயனுக்கு அந்தப் படம் மறந்துபோய் வெறும் வினைச்சொல் ஆகிவிட்டது. நமக்கு மறக்கவில்லை. "துண்டைக் காணோம், துணியைக் காணோம்னு ஓடினான்" என்கிறோமே, எஸ்கேப் என்பதற்கு அதைவிட நேரான மொழிபெயர்ப்பு இல்லை. துணியை விட்டு ஓடியவனால் ஒரு சொல், துணியை வெட்டிக் கொடுத்துவிட்டு நின்றவனால் ஒரு சொல்.

இவ்வளவையும் அம்மாவிடம் ஒரே மூச்சில் சொல்லவில்லை. வெள்ளைப் புகை வருவதற்குள் அரையும் குறையுமாகச் சொன்னேன். மார்ட்டின் சுற்றிக்கொண்ட பாதி அரண்மனைக்குப் போனது, அதற்குக் காவல் போட்டார்கள், அதன் பெயரில்தான் இந்த அறையெல்லாம் என்றேன். அம்மா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அப்போ பிச்சைக்காரன்கிட்ட கொடுத்த பாதி?" என்று கேட்டார்.

அதைப் பற்றி யாரும் எழுதிவைக்கவில்லை என்றேன்.

"போட்டுக் கிழிச்சிருப்பான்" என்றார்.